பழைய படம் ஏதாவது இருக்கா?

அவரை ஆஸ்பத்திரி வராந்தாவில், சாய்மானம் இல்லாத பெஞ்சில் உட்கார வைத்த இடத்தில் போன வாரம் இந்தத் தொடரை நிறுத்தியிருந்தேன். வலது காலை மடக்க முடியாமல் நீட்டியிருந்தார். வருகிறவர்கள் இடறிவிடக் கூடாதென்று அந்தக் காலைக் கையால் தூக்கித் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடைய காலோ என்பது போல.

என் கணவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். இருபத்தாறு வருஷம் முழங்காலில் நின்று சம்பாதித்தவர். கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். அவருடைய வலது முட்டி நாலு வருஷமாக வலித்துக்கொண்டிருந்தது. தொழில் கொடுத்தது என்று அவர் சொன்னார். வயசு கொடுத்தது என்று நான் சொன்னேன். தேய்மானம் என்று என் நாத்தனார் சொன்னாள்.

நாத்தனார் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு எடை அதிகம். அவள் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்-ரே எடுக்கிறவள். கல்யாணம் வேண்டாமென்று எங்களோடுதான் இருந்தாள். நாலு வருஷத்தில் நாலு தடவை, சென்டரில் ஆள் குறைந்த மத்தியான நேரமாகப் பார்த்து அண்ணனை வரச் சொல்லி, ரிஜிஸ்டரில் ஏற்றாமல் படம் எடுத்துக் கொடுத்திருந்தாள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது டாக்டர் எதற்கென்று இருந்துவிட்டோம். அதற்கு முந்தின மாதம் ஒரு கட்டடத்தில் முட்டி போட்டவர் எழுந்திருக்க முடியாமல், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்ட பிறகுதான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒரு நாளை மட்டும் மணி வாரியாகச் சொல்ல முடியும் என்னால்.

காலை ஒன்பதே முக்காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். எக்ஸ்-ரே எடுத்த ஆள் யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டே எடுத்தானாம். வெளியே வந்தவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேலை சுத்தமில்ல."

"என்ன ஆச்சு?"

"வெளிச்சத்தைத் தொறந்து விட்டுட்டான். பாதித் தொடையிலேர்ந்து கெண்டைக்கால் வரைக்கும் அடிச்சுது. நம்ம படக்காரி எடுத்தா முட்டியைச் சுத்திக் கட்டம் கட்டின மாதிரி இருக்கும். ஒரு விரல்கடை வெளிய போகாது."

படக்காரி என்றால் அவருடைய தங்கைதான். படம் எடுப்பதற்கு முன்னால், கதிர் எங்கே விழப்போகிறது என்று காட்ட ஒரு வெளிச்சம் விழும். அதைத் தேவையான இடத்துக்கு மட்டும் குறுக்குவதுதான் நல்ல கைக்கு அடையாளம் என்று அவள் எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். வீணான கதிர் உடம்பில் படக்கூடாது. சொந்த அண்ணனுக்கு என்றால் இன்னும் குறுக்குவாள்.

எலும்பு டாக்டர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். படத்தை விளக்குப் பெட்டியில் செருகி, முட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முட்டிக்கு மேலே பார்த்தாள். அங்கே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"முட்டியில தேய்மானம் இருக்கு. உங்க தொழிலுக்கு இது ஆச்சரியமில்ல. ஆனா இந்தத் தேய்மானத்துக்கு உங்களைத் தூக்கிட்டு வர்ற அளவுக்கு வலி வராது."

"எனக்கு வருதுங்களே" என்றார் அவர்.

"அதான் பார்க்கறேன்." பேனாவால் தொட்டுக் காட்டினாள். முட்டிக்கு நாலு விரல் மேலே, தொடை எலும்புக்குள்ளே, சாக்பீஸ் தூள் சிந்தியது போல வெள்ளைப் புள்ளிகள். "பழைய படம் ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விளக்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரிப் புள்ளி சில பேருக்கு எலும்புக்குள்ள சும்மா இருக்கும். கடைசி வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. சில பேருக்கு மெதுவா வளரும். வளர்றது நல்லதில்ல. ஒரு படத்தை மட்டும் வெச்சுக்கிட்டு இது எந்த ரகம்னு சொல்றது கஷ்டம். பழசு ஒண்ணு இருந்தா பக்கத்துல வெச்சுப் பார்த்துடலாம்."

"வளர்ந்திருந்தா?" என்று கேட்டேன்.

"நாளைக்கே எம்.ஆர்.ஐ. உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்குன்னு அதுலதான் தெரியும். அப்புறம் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கணும்."

"பழைய படம் இல்லாட்டி?"

"அப்பவும் எம்.ஆர்.ஐ. எழுதுவேன். ஆனா 'அவசரம்'னு போட எனக்குக் காரணம் வேணும்மா. இங்க இருக்கறது ஒரே மெஷின். விபத்து, முதுகுத்தண்டுன்னு ஆளுங்க காத்துக் கிடக்கறாங்க. சாதாரண வரிசைன்னா நாலு மாசம் ஆகும்." பிறகு அவரிடம் திரும்பினாள். "நாலு வருஷமா வலின்னு சீட்டுல எழுதியிருக்கு. ஒரு படம்கூடவா எடுக்கல?"

"நமக்கெல்லாம் தைலம்தாங்க டாக்டர். படம் எடுக்கற அளவுக்கு எனக்கு முகவெட்டு இல்ல."

அவள் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுங்கம்மா."

மேசைக்கு அடியில் அவருடைய இடது கால், நன்றாக இருந்த கால், என் பாதத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க" என்றேன்.

'எனக்குத் தெரிஞ்சு' என்று சேர்த்துக்கொண்டதைப் பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பொய்யிலும் எனக்கென்று ஒதுங்கி நிற்க ஓர் ஓரம் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படத்தை உறையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "வீட்டுல ஒரு தடவை தேடிப் பாருங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குத்தான் சீட்டெல்லாம் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவேன். அதுக்குள்ள கிடைச்சாக் கொண்டாங்க. எங்க எடுத்தது, எதுக்கு எடுத்தது, அதெல்லாம் நான் கேக்கல. பேரும் தேதியும் இருந்தாப் போதும்."

வாடகை வண்டியில் அவரைப் பின் சீட்டில் குறுக்காக உட்கார வைத்து, காலை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்லச் சொல்றே? என் தங்கச்சி திருட்டுத்தனமா எடுத்தான்னா?"

"அதெல்லாம் கேக்கலைன்னுதானே அந்தம்மா சொன்னாங்க."

"சொல்வாங்க. படத்தை வாங்கி ஃபைல்ல வெப்பாங்க. ஃபைல் பத்துக் கை மாறும். சென்டர் பேரு படத்துலயே இருக்கு. போன மாசம்தான் அங்க ஒருத்தருக்குச் சீட்டு கிழிஞ்சுது. அந்தாளு பண்ணின குத்தம் என்ன? பெத்த அம்மாவுக்கு ஒரு படம் எடுத்தாரு."

"அவ வேலை முக்கியமா, உங்க கால் முக்கியமா?"

"சும்மா இருக்கற புள்ளியாவும் இருக்கலாம்னு சொன்னாங்கல்ல. நீ அதை மட்டும் காதுல வாங்கிக்காதே."

வண்டிக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். இவர் உடனே குரலை மாற்றிக்கொண்டு, "மெதுவாப் போங்கண்ணே, பின்னாடி கண்ணாடிச் சாமான் இருக்கு" என்றார். வண்டிக்காரர் சிரித்தார். யாரைப் பார்த்தாலும் முதலில் சிரிக்க வைத்துவிட்டுத்தான் இவருக்கு மறு வேலை.

தங்கைக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது அவர்களுடைய அப்பா போய்விட்டார். அவளை எக்ஸ்-ரே படிப்பில் சேர்த்துவிட்டு, இவர் இரண்டு வருஷம் பகலில் ஒரு கட்டடம், சாயங்காலம் ஒரு கட்டடம் என்று இரட்டை வேலை பார்த்தார். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவள் மறந்ததும் இல்லை. அவர்களுக்கு நடுவில் நான் வந்து சேர்ந்தவள்.

வீட்டுக்கு வந்ததும் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டூலில் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். இப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தவருக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வலி மாத்திரை கொடுத்த தூக்கம் என்பது அப்போது உறைக்கவில்லை.

பழைய படங்கள் எங்கள் மெத்தைக்கு அடியில் இருந்தன. மடங்காமல் இருக்க அதுதான் சரியான இடம் என்று நாத்தனார்தான் வைக்கச் சொன்னாள். நாலு வருஷம் அதன் மேல்தான் படுத்து எழுந்திருக்கிறோம்.

சமையலறை சன்னலில் மத்தியான வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. நாலு படங்களையும் கண்ணாடியில் வரிசையாக ஒட்டினேன். பக்கத்தில் அன்றைக்கு எடுத்ததை ஒட்டினேன். எனக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. மூலத்தையும் அச்சடித்ததையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பழகிய கண். எலும்பைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும், இரண்டு தாள் ஒன்றுபோல இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

பின்னால் எடுத்த மூன்று படங்களும் அவர் சொன்னது போலத்தான் இருந்தன. நடுவில் முட்டி, சுற்றிலும் கட்டம். தொடை எலும்பு மெலியத் தொடங்குகிற இடத்தில் கத்தரித்துவிட்டாற்போல முடிந்துவிட்டது. பார்க்கவே அழகாக இருந்தன.

முதல் படம் மட்டும் கொஞ்சம் அகலம். அதன் மேல் விளிம்பில், முட்டிக்கு நாலு விரல் மேலே, புள்ளிகள் இருந்தன. எண்ணினேன். ஆறு. அன்றைக்கு எடுத்த படத்தில் அதே இடத்தில் எண்ண முடியவில்லை. எலும்பின் உள் ஓரமும் அரித்தாற்போல இருந்தது.

மூன்றரை மணிக்கு வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

"அண்ணி, என்ன சொன்னாங்க? அண்ணன் தூங்கறாரா?" என்றபடி உள்ளே வந்தவள் சன்னலைப் பார்த்து நின்றாள். முதலில் அவள் கண்ணில் பட்டது புதுப் படம். "இது யாரு எடுத்தது? இவ்வளவு அகலமாவா தொறக்கறது?"

"அகலமாத் தொறந்ததாலதான் தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவள் கிட்டே வந்தாள். பிறகு அவளாகவே முதல் படத்துக்கு நகர்ந்தாள். நான் அதைக் காட்டவே இல்லை.

"இது தூசி, அண்ணி."

"எது?"

"இந்தப் பழசுல இருக்கறது. ஃபிலிம் போடற கேசட்டுக்குள்ள தூசி விழுந்தா இப்படித்தான் படத்துல வெள்ளையாப் புள்ளி விழும். அன்னிக்கே பார்த்தேன். கேசட்டைப் பிரிச்சு நல்லாத் துடைச்சேன்."

"அப்புறம்?"

"அடுத்த தடவை கட்டத்தைக் குறுக்கிட்டேன். ஓரத்துல கிடக்கற அசிங்கமெல்லாம் அண்ணன் படத்துல எதுக்குன்னு."

"இன்னிக்கு எடுத்தது வேற ஆஸ்பத்திரி. வேற கேசட்."

அவள் முதல் படத்தின் மேல் விளிம்பை விரலால் துடைத்துப் பார்த்தாள்.

"நாலு வருஷம் கழிச்சு, வேற கேசட்டுல, அதே இடத்துலயா வந்து தூசி உக்காரும்?"

"நான் படம் எடுக்கறவ, அண்ணி. படிக்கறவ இல்ல. அதைச் சொல்லித்தான் எங்களை வேலைக்கே எடுக்கறாங்க. படத்துல என்ன இருக்குன்னு வாயைத் தொறக்கக் கூடாதுன்னு."

"தேய்மானம்னு மட்டும் தொறந்தியே."

சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகுதான் எனக்கே அதன் காரம் தெரிந்தது. அவள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பழையது கிடைத்தால் நாளைக்கே எம்.ஆர்.ஐ. என்பதை. கிடைக்காவிட்டால் நாலு மாதம் என்பதை. அண்ணன் சொன்ன பொய்யை. கடைசியில் நான் சொன்னதையும்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள இந்த முதல் படத்தை நான் கொண்டுபோய்க் கொடுத்துடறேன்" என்றேன். "பேரும் தேதியும் இருந்தாப் போதும்னாங்க. உன் பேச்சே வராமப் பார்த்துக்கறேன்."

"தேதி இருக்கு, அண்ணி." அவள் படத்தின் கீழ் மூலையைத் தொட்டாள். "பேரைப் பாருங்க."

சென்டர் பெயருக்குக் கீழே, நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சோதனை' என்று இருந்தது. மற்ற மூன்றிலும் அப்படியே.

"ஒவ்வொரு ஃபிலிமுக்கும் ஒரு பேர் போட்டாகணும். அண்ணன் பேரைப் போட்டா ரிஜிஸ்டர்ல தேடுவாங்க. மெஷினைச் சரிபார்க்கப் போட்ட படம்னு போட்டுட்டேன்."

"அப்ப இது அவர் காலுன்னு யார் சொல்றது?"

"நான்தான் சொல்லணும்" என்றாள். "எடுத்தவ வந்து, இன்ன தேதி, இன்னார் காலுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் எந்த டாக்டரும் இதைப் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. இல்லாட்டி இது யார் காலோ."

"யாரும் எங்கயும் வந்து எதுவும் சொல்ல வேண்டாம்."

அவர் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். நான் பிடிக்கப் போனேன். கையால் தடுத்தார்.

"அண்ணா, இது தேய்மானம் இல்ல" என்றாள் தங்கை. "வளர்ந்திருக்கு. நல்லாத் தெரியுது."

"நீதான் படிக்கறவ இல்லைன்னு இப்பத்தானே சொன்னே."

"அண்ணா."

"நாலு வருஷம் தாங்கினவனுக்கு நாலு மாசம் தாங்காதா? வரிசைல நிப்போம். நம்ம முறை வரும்போது போவோம். பழைய படமே இல்லைன்னு சொல்லிட்டேன். நாளைக்குப் போய் இன்னொரு கதை சொன்னா அந்த டாக்டரம்மா என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும்" என்றேன். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்றதுன்னு யாராவது கேட்டீங்களா?"

"நீயும்தானே அங்க இல்லைன்னு சொல்லிட்டு வந்தே."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நாம் ஒரு கட்சி என்பது போல, சிநேகமாகச் சொன்னார்.

தங்கை சன்னலில் இருந்து முதல் படத்தை உரித்து எடுத்தாள். ஓரம் கிழியாமல், ஒவ்வொரு மூலையாக. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, படக்காரி. நீ அந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டிட்டு வீட்டுல வந்து உக்காந்தா, இந்த முட்டி எதுக்குப் போச்சுன்னு நான் எனக்கு என்னத்தைச் சொல்லிக்கறது?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்றது கேக்குதா?"

"கேக்குதுண்ணா."

"போய்ச் சாப்பிடு. காலைலேர்ந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டே." விஷயம் முடிந்துவிட்டது என்பது போல நிலைப்படியை விட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நாற்காலிக்குத் திரும்பினார். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் அந்தச் சத்தம் நிற்கும் வரை அசையாமல் நின்றோம்.

"எத்தனை மணிக்குள்ள, அண்ணி?" தணிந்த குரலில் கேட்டாள்.

"பத்து."

"எனக்குக் காலைல ஏழு மணிக்கு ட்யூட்டி."

"தெரியும்."

அவள் படத்தை ஒரு பழைய உறைக்குள் செருகினாள். அதை என்னிடம் கொடுப்பாள் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. தினமும் சென்டருக்குக் கொண்டு போகிற தோள்பையைத் திறந்து, அதற்குள் நிற்க வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நானே கொண்டு போறேன்" என்றாள்.

புள்ளி தெரிந்த பழைய படம் அது ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. கையை நீட்டிப் பையை வாங்கியிருக்கலாம், அவள் என்னைவிட வலுவானவள் இல்லை. டாக்டரம்மாவிடம் கொண்டு போகிறாயா, இல்லை அண்ணன் சொன்னதைக் கேட்டுச் சென்டரில் கொண்டுபோய்க் கழிவு ஃபிலிமோடு போடப் போகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் கேட்கவில்லை. அவளுக்குத் தட்டு எடுத்து வைத்தேன். அவள் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.